வெள்ளவத்தைக் கந்தோருக்கு வெளிக்காற்று: ஈஆர்வி (வெளிக்காற்றைச் சூடும் ஈரமும் குறைத்து உள்ளே விடும் கருவி) பூட்டினவை ஆராவது இருக்கிறீங்களா?

மெரைன் டிரைவ் பக்கம், மூன்றாம் மாடி. அறை 28க்கு 22 அடி, உயரம் 9 அடி. 14 பேர், 18,000 பிடியூ ஸ்ப்ளிட் ஏசி இரண்டு.

காலை எட்டரைக்கு யன்னலைச் சாத்தினால், பதினொன்றரைக்கு காபனீரொக்சைட் மீற்றர் 1,800 பிபிஎம் காட்டுது. வெளியில் 420 அளவுதான். தலையிடி, கொட்டாவி என்றதும் ஆக்கள் ஏசியை 20க்கு இறக்கினம். ஸ்ப்ளிட் ஏசி உள்காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிராக்கும், வெளிக்காற்றை எடுக்காது. ஆகவே 20இலும் அதே கொட்டாவி, கூடவே சால்வை.

வெளிக்காற்று ஆளுக்கு 20 சிஎப்எம் (நிமிடத்துக்கு 20 கன அடி) வைத்தால் 280 சிஎப்எம் வேண்டும். வெறும் எக்ஸோஸ்ட் ஃபேன் மலிவு. ஆனால் வெளியேறும் அளவுக்குக் கொழும்பின் ஈரக்காற்று கதவிடுக்கால் உள்ளே வரும். கணக்குப் பார்த்தால் ஏசிக்குக் கிட்டத்தட்ட 17,000 பிடியூ கூடுதல் சுமை, அதாவது மூன்றாவது ஏசி. ஈஆர்வி என்றால், வெளியேறும் குளிர்காற்று உள்ளே வரும் காற்றின் சூட்டையும் ஈரத்தையும் பாதியளவாவது குறைக்கும்.

கேள்விகள்:
கடலுப்புக் காற்றில் ஈஆர்வி பில்டரை எத்தனை கிழமைக்கு ஒருக்கால் கழுவுறீங்கள்? கோர் (சூட்டையும் ஈரத்தையும் மாற்றும் உள்பாகம்) எவ்வளவு காலம் தாங்கினது?
போல்ஸ் சீலிங்குக்கு மேல் 11 அங்குலம்தான் இருக்கு. அதுக்குள்ள 300 சிஎப்எம் யூனிற் அடங்குமா? சத்தம் எப்படி?