அம்மாவுக்குக் கண்ணில் ஊசி: போட்டுக்கொண்டவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். அம்மாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை. இப்போது ஒரு கண்ணில் எழுத்து நெளிந்து தெரிகிறது. சொட்டு மருந்து விட்டுப் பரிசோதித்ததில் இரண்டு விழித்திரையிலும் ரத்தக் கசிவு, அந்தக் கண்ணில் மாக்குலா (விழித்திரையின் நடுப்பகுதி) வீக்கமும் இருக்கிறது என்றார்கள். தொடக்கத்தில் அறிகுறியே காட்டாது என்பதுதான் சர்க்கரையால் வரும் இந்த விழித்திரை நோயின் கொடுமை. இரண்டாம் வகை சர்க்கரை உள்ளவர்கள், நோய் தெரிந்த உடனேயே கண்ணையும் காட்டிவிடுங்கள், தயவுசெய்து.

ஹெச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் சோதனை) 9.2 சதவீதம். ரத்த அழுத்தமும் அதிகம், சிறுநீரில் புரதமும் போகிறது. மூன்றுமே கண்ணுக்கு ஆபத்தைக் கூட்டுபவை. சரி, சர்க்கரையை மளமளவென்று இறக்கிவிடலாம் என்று பார்த்தால், மருத்துவர் தடுத்தார். ரொம்ப வேகமாகக் குறைத்தால் சிலருக்கு விழித்திரைப் பாதிப்பு கொஞ்ச காலம் மோசமாகலாமாம். படிப்படியாக, கண்ணையும் கவனித்துக்கொண்டே குறைக்க வேண்டும் என்றார்.

வீக்கத்துக்குக் கண்ணுக்குள் ஊசி, முதலில் மாதம் ஒன்று. அம்மா பயந்து, "இன்னொரு கண்ணு நல்லாத்தானே தெரியுது" என்று தள்ளிப்போடுகிறார்.

போட்டுக்கொண்டவர்கள் சொல்லுங்கள்: மரத்துப்போகச் சொட்டு விட்ட பிறகும் வலித்ததா? மறுநாள் எப்படி இருந்தது? நெளிவு குறைய எத்தனை ஊசி ஆனது? அப்புறம், பயந்த பெரியவர்களை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள்? உங்கள் பதில்களை அம்மாவுக்கு அப்படியே படித்துக் காட்டப்போகிறேன்.