புதுப்பிப்பு: தக்கலை அத்தையின் வீட்டுப் பத்திரம்

போன மாதம் எழுதியிருந்தேன்: அத்தை வீட்டை மகனுக்குத் தானசெட்டில்மெண்ட் (பணம் வாங்காமல் சொத்தை எழுதிக் கொடுக்கும் பத்திரம்) எழுதிக் கொடுத்தார், இப்போது அவன் கஞ்சி கூட ஒழுங்காகக் கொடுப்பதில்லை, ரத்து செய்ய வழியுண்டா என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் பத்திரத்தைத் தேடி எடுத்தோம். அதில் ஒரு வரி இருந்தது: "என் ஆயுள் வரை உணவும் மருத்துவமும் கவனித்துக்கொள்ள வேண்டும்." அந்த ஒரு வரிதான் இப்போது எங்களுக்குப் பிடிமானம். 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவுப்படி, இப்படி நிபந்தனையோடு கொடுத்த சொத்தைப் பெற்றவர் கவனிக்க மறுத்தால், தீர்ப்பாயம் அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கலாம்.

சரி, எங்கள் பகுதிக்கு அந்தத் தீர்ப்பாயம் பத்மநாபபுரம் சப் கலெக்டர் ஆபீஸ்தான்; அங்கே மனு கொடுத்துவிட்டோம். மாதப் பராமரிப்புத் தொகையும் கேட்டிருக்கிறோம். சட்டத்தில் அதற்கு உச்சவரம்பு 10,000 ரூபாய். நோட்டீஸ் சேர்ந்ததிலிருந்து 90 நாளில் பராமரிப்பு மனுவை முடிக்க வேண்டும்.

அத்தை கையெழுத்துப் போடவே தயங்கினார். "பெத்த பிள்ளை மேலயா மக்கா?" என்று அழுதார். அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் அவரே பேனாவை வாங்கினார்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பத்திரம் எழுதப் போனால், அந்த வரியைக் கட்டாயம் சேர்க்கச் சொல்லுங்கள். உதவிக்கு முதியோர் இலவச எண் 14567. விசாரணை முடிந்ததும் எழுதுகிறேன்.