பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளி: செலவுக்கு ஏற்ற பயன் உண்டா?

கேள்வி (திண்டுக்கல், ஒரு மாணவியின் தந்தை)

அனைவருக்கும் வணக்கம். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் நுழைவுத் தேர்வில் என் மகள் பெற்றுள்ள தரவரிசைக்குப் பெங்களூரு நாகரபாவியில் உள்ள தேசியச் சட்டப் பள்ளியில் ஐந்தாண்டுப் படிப்புக்கு இடம் கிடைக்கும் என்று சொல்கிறார்கள். பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டு சென்னையில் உள்ள சீர்மிகு சட்டப் பள்ளியிலும் அவளுக்கு வாய்ப்பு இருக்கிறது. பெங்களூரு என்றால் ஆண்டுதோறும் சில லட்சங்கள் தேவைப்படும். அதற்குக் கல்விக்கடன்தான் வழி. அவளோ படித்து முடித்தபின் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் தொழில் செய்வதையே விரும்புகிறாள். பெயருக்காக அன்றி, படிப்புக்காகவே அங்கே அனுப்புவதில் பொருள் உண்டா என்பதை அறிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

பதில் 1 (அங்கே படித்தவர்)

ஐயா, 1980களின் பிற்பகுதியில் மாதவ மேனன் அவர்களை முதல் இயக்குநராகக் கொண்டு இந்தப் பள்ளி தொடங்கியபோது, பட்டப்படிப்பு முடித்தவர்கள் மூன்றாண்டு சட்டம் பயில்வதே நாட்டில் பெருவழக்காக இருந்தது. பிளஸ் டூ முடித்த மாணவர்களுக்கு வரலாறு, பொருளியல், சமூகவியல் ஆகியவற்றைச் சட்டத்தோடு சேர்த்து ஐந்தாண்டு கற்பிக்கும் முறையைப் பின்னால் வந்த தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள் பலவும் இதைப் பார்த்தே அமைத்துக்கொண்டன.

ஆனால் நான் வலிமை என்று சொல்வது வேறு. வாசிக்கும் விதத்தைச் சொல்கிறேன். 1973இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய கேசவானந்த பாரதி தீர்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் மாற்ற முடியாது என்ற ஒரு வரியைப் போட்டித் தேர்வு எழுதும் எவரும் மனப்பாடமாகச் சொல்லிவிடுவார். 13 நீதிபதிகள் 11 தனித்தனித் தீர்ப்புகளை எழுதி, 7க்கு 6 என்று பிரிந்த வழக்கில் அந்த ஒரு வரி எப்படிப் பெரும்பான்மைக் கருத்தாயிற்று, நீதிபதி எச்.ஆர். கன்னாவின் தீர்ப்பு ஏன் முடிவை நிர்ணயித்தது என்று வகுப்பில் எழுப்பிக் கேட்கும்போது, மூலத்தைப் படிக்காதவர் ஒரு நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. நாங்கள் படித்த காலத்தில் ஆண்டுக்கு மூன்று பருவங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் ஆய்வுக் கட்டுரையும் அதன்மேல் வாய்மொழித் தேர்வும் உண்டு. தூக்கம் குறையும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கற்பனை வழக்கில் மாணவர்கள் வாதாடும் மாதிரி நீதிமன்றப் போட்டிகளும் இதே பயிற்சியின் நீட்சிதான். பன்னாட்டுச் சட்டத்துக்கான ஜெஸப் போட்டியை இப்பள்ளி 1999இலும் 2013இலும் வென்றது. கோப்பையைக் காட்டிலும் அதில் எனக்குப் பிடித்தது, மனுதாரர், எதிர்மனுதாரர் ஆகிய இரு தரப்புக்கும் ஒரே அணி வாதுரை எழுத வேண்டும் என்ற விதி. எதிராளியின் வாதத்தை அவரைவிட நன்றாக எழுதிப் பார்த்தவருக்குத்தான் தன் வாதத்தின் ஓட்டை தெரியும்.

பதில் 2 (மதுரை, வழக்கறிஞர்)

மேலே சொன்னவற்றை மறுக்கவில்லை. உயர் நீதிமன்றத்தில் வாதமும் தீர்ப்பும் ஆங்கிலத்தில் நடப்பதால், ரிட் மனுக்களிலும் மேல்முறையீடுகளிலும் அந்த வாசிப்பும் எழுத்தும் உங்கள் மகளுக்கு நேரடியாகக் கைகொடுக்கும். கீழமை நீதிமன்றம் வேறு உலகம். சாட்சி பேசுவதும், பிராதும் (வழக்குத் தொடுப்பவர் தாக்கல் செய்யும் மனு) பத்திரங்களும் இருப்பதும் தமிழில்தான். கிரையப் பத்திரத்தில் நான்கு எல்லையைப் படித்துப் புரிந்துகொள்வதையும், குறுக்கு விசாரணையில் எங்கே கேள்வியை நிறுத்த வேண்டும் என்பதையும் எந்தப் பள்ளியும் முழுமையாகக் கற்றுத் தருவதில்லை. சீனியரின் அலுவலகத்தில்தான் கற்க முடியும். என்னிடம் வந்த ஜூனியர்களில், எங்கே படித்தவராயினும், வழக்கு ஆவணக் கட்டை முழுதாகப் படித்துவிட்டு வருபவரே விரைவில் தேறுகிறார்.

எனக்குள்ள கவலை கடனைப் பற்றியது. ஜூனியருக்குத் தொடக்க ஆண்டுகளில் கிடைக்கும் தொகை மாதத் தவணைக்குப் போதாது. அதனாலேயே, வழக்காட விரும்பிப் படிக்கச் சென்ற பலர் கார்ப்பரேட் சட்ட நிறுவனங்களின் ஊதியத்தை ஏற்றுக்கொள்கிறார்கள். அவர்களைக் குறைகூற முடியாது.

பதில் 3 (தற்போது அங்கே பயிலும் மாணவர்)

நான் தமிழ்வழியில் படித்து வந்தவன். கிளாட் தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே நடைபெறுவதால் என் போன்றவர்கள் இங்கே குறைவு; முதல் ஆண்டில் வகுப்பில் வாய் திறக்கவே தயங்கினேன். சட்டப் பேராசிரியர் சம்நாத் பஷீர் 2010இல் தொடங்கிய இடியா அமைப்பு, வசதி குறைந்த மாணவர்களுக்குத் தேர்வுப் பயிற்சியும் சேர்ந்தபின் ஆதரவும் அளிக்கிறது. ஐயா, கடன் வாங்குமுன் பல்கலைக்கழகத்தின் நிதியுதவித் திட்டத்துக்கும் விண்ணப்பியுங்கள். சக மாணவர்கள் எழுதிய வரைவைச் சிவப்பு மையால் திருத்தித் திருப்பித் தருவதில் நான் கற்றது, விரிவுரைகளில் கற்றதற்குக் குறைந்ததல்ல.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. மதுரை வழக்கறிஞர் ஐயாவிடம் ஒரு கேள்வி: பெங்களூருவில் சேர்ந்தால், கீழமை நீதிமன்றப் பழக்கத்தை அவள் எப்போது தொடங்குவது?

பதில் 2 எழுதியவர்

முதல் ஆண்டு விடுமுறையிலேயே தொடங்கட்டும். டெல்லியிலோ மும்பையிலோ உள்ள பெரிய நிறுவனத்துக்குப் பயிற்சிக்குப் போகும் ஆசை எல்லோருக்கும் வரும். அதை நான்காம் ஆண்டுக்குத் தள்ளிவைக்கலாம். திண்டுக்கல்லிலேயே முன்சீப் நீதிமன்றத்தில் உரிமையியல் வழக்கு நடத்தும் ஒரு சீனியரிடம் நான்கு வாரம் உட்கார்ந்து, ஒரு வழக்கின் கட்டைப் பிராதிலிருந்து தீர்ப்புவரை படிக்கச் சொல்லுங்கள். அதன்பின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் வகுப்பில் வரும்போது அவளுக்கு அது எளிதாக இருக்கும்.