சுல்தானா பாய்லர் வெடிப்பு: ஒட்டு மட்டும்தான் காரணமா?

மணலி_டிரெய்னி:
செகண்ட் கிளாஸ் பாய்லர் பரீட்சைக்குப் படிக்கிறேன். 1865 ஏப்ரல் 27 அதிகாலை, அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றில் மெம்பிஸ் நகரம் தாண்டிப் போன சுல்தானா என்ற நீராவிக் கப்பல் வெடித்தது, பாய்லரில் அவசரத்தில் போட்ட ஒட்டால்தான் என்கிறார்கள். ஒரு சின்னத் தகடு, 4 பாய்லரில் 3-ஐ எப்படிக் காலி செய்யும்?

ரிவெட்:
தம்பி, முதலில் கணக்கைப் பாருங்க. பாய்லர் ஷெல் (வெளி உருளை) 46 அங்குல விட்டம், தகடு 17/48, அதாவது 0.354 அங்குலம், அனுமதித்த அழுத்தம் 145 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு பவுண்டு). வழியில் விக்ஸ்பர்க் ஊரில், புடைத்திருந்த இடத்தில் தகட்டை மாற்றாமல் மேலே அடித்த ஒட்டு கால் அங்குலம்தான். விட்டம் மாறாதபோது, தகடு எவ்வளவு மெலிகிறதோ அழுத்தத்தையும் அவ்வளவு இறக்கணும். 145 × 0.25 ÷ 0.354 = சுமார் 102 பிஎஸ்ஐ. ஏன் அவசரம்? சிறை மீண்ட சிப்பாய்களை ஏற்றிப்போக, தலைக்கு இவ்வளவு என்று அரசு கட்டணம் கொடுத்தது. முழு ரிப்பேருக்குக் காத்திருந்தால் ஆட்கள் வேறு கப்பலுக்குப் போய்விடுவார்கள். 376 பேருக்கான கப்பலில் 2,000-க்கு மேல் ஏற்றினார்கள்.

கேஜ்கிளாஸ்:
ஒட்டோடு நிறுத்தினால் பாதிதான் புரியும். டியூபை, அதாவது பாய்லர் நீருக்குள்ளே சூடான புகை போகும் குழாயைப் பாருங்க: ஒவ்வொரு பாய்லரிலும் 5 அங்குல டியூப் 24. இடுக்கில் பிரஷ் நுழையாது, மிசிசிப்பியோ வண்டல் நீர். நம்ம மெட்ராஸ் போர் தண்ணியில் ஸ்கேல் (உப்புப் படிவு) கட்டுகிற மாதிரி சேறு படிந்து, சூட்டை நீருக்கு விடாமல் தகட்டை அளவுக்கு மீறிச் சூடாக்கிவிடும்.

அடுத்தது சாய்வு. மேல்தளத்தில் அத்தனை பேர், வெள்ளத்தை எதிர்த்த ஓட்டம். நாலு பாய்லரும் பக்கத்தில் பக்கத்தில், நீர் இணைப்பு ஒன்று. கப்பல் ஒருபக்கம் சாய்ந்தால் நீர் தாழ்ந்த பாய்லருக்கு ஓடும். உயர்ந்த பக்கத்தில் நெருப்பு படும் இரும்பு நீரில்லாமல் பழுக்கும். நிமிரும்போது நீர் அதன் மேல் பாயும், அழுத்தம் ஒரே அடியாக எகிறும்.

மணலி_டிரெய்னி:
நன்றி சார். ஒன்று கிழிந்தால் மற்றவை ஏன்?

ரிவெட்:
145 பிஎஸ்ஐயில் உள்ளே நீர் சுமார் 184 டிகிரி செல்சியஸ். ஷெல் கிழிந்ததும் அழுத்தம் போய், அதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு நொடியில் நீராவி. ஒரு கிலோ நீருக்கு சுமார் 270 லிட்டர்! அந்த அடியில் பக்கத்து பாய்லர் எப்படித் தாங்கும்? செத்தவர்கள் 1,100-க்கு மேல். பழைய கணக்குகள் 1,500-ஐயும் தாண்டும். பலர் சிறை மீண்டு வீடு திரும்பிய சிப்பாய்கள்.

பரீட்சையில் கேட்டால் எழுதுங்க: இன்ஸ்பெக்டர் துறை அனுமதி இல்லாமல் ஷெல்லில் ரிப்பேர் கூடாது, முடிந்ததும் நீரழுத்தச் சோதனை. நீர் நிரப்பிச் செய்வதால் கிழிந்தாலும் கசியும், வெடிக்காது.