முதன்மை நிதி அலுவலர்: ஏன் இந்தச் சொல்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

இந்த இழையில் இதுவரை வந்த ஐந்து சொற்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு இரண்டு நாளாகப் பார்த்து வருகிறேன்: தலைமை நிதி அதிகாரி, பொருளாளர், தலைமைக் கணக்கு அலுவலர், நிதிக் கட்டுப்பாட்டாளர், நிதிப் பொறுப்பாளர். நாம் தமிழ்ப் பெயர் தேடுவது அமெரிக்கக் கூட்டரசு முகமைகளில் (மத்திய அரசின் துறைகள், அமைப்புகள்) உள்ள Chief Financial Officer (CFO) என்ற பதவிக்கு. அதில் இருப்பவர் என்ன வேலை பார்க்கிறார் என்று தெரிந்தால்தான் சொல் பிடிபடும்.

1990 நவம்பர் 15 அன்று அப்போதைய அதிபர் தந்தை புஷ் கையொப்பமிட்ட சட்டம்தான் அந்தப் பதவிக்கு அடிப்படை. இன்று 24 பெரிய துறைகளும் முகமைகளும் அதற்குள் வருகின்றன. இந்தப் பதவியில் இருப்பவர் நேரே முகமைத் தலைவருக்குப் பதில் சொல்ல வேண்டியவர். கணக்கு முறை, நிதிப் பணியாளர்கள், ஒதுக்கிய பணம் செலவாகும் விதம், ஆண்டு நிதியறிக்கை எல்லாம் இவர் கண்காணிப்பில் இருக்கின்றன. ஆனால் பணம் ஒதுக்குவது நாடாளுமன்றமான காங்கிரஸ். அறிக்கையைத் தணிக்கை செய்வதோ செய்விப்பதோ முகமையின் தலைமை ஆய்வாளர். முதலீட்டாளரைத் தேடுவதும் இலாபம் காட்டுவதும் இவர் வேலையே அல்ல.

பொருளாளர் என்றால் சங்கத்திலும் கட்சியிலும் பணப்பெட்டியின் சாவி வைத்திருப்பவர். அமெரிக்காவில் பெரும்பாலான முகமைகளுக்காகப் பணத்தைப் பட்டுவாடா செய்வது கருவூலத் துறை; சாவி இவரிடம் இல்லை. தலைமைக் கணக்கு அலுவலர் என்றால் இலங்கை வாசகர் குழம்புவார். அங்கே பிரதான கணக்கீட்டு உத்தியோகத்தர் என்பவர் அமைச்சின் செயலாளரே. கட்டுப்பாட்டாளரும் நிற்காது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகனில் கணக்குக் கட்டுப்பாட்டாளர் (Comptroller) என்ற பதவிப் பெயரும் நாம் பேசும் இந்தப் பெயரும் ஒருவருக்கே சேர்ந்து வருகின்றன. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் அவருடைய பதவிப் பெயரை எப்படி எழுதுவது?

நிதிப் பொறுப்பாளர் என்பதில் எனக்கு ஆசை இருந்தது. இந்தப் பதவியின் உயிரே பொறுப்புத்தான். பென்டகன் முழுமைக்கும் 2018 நிதியாண்டில்தான் முதல் தணிக்கை நடந்தது. கணக்கைப் பற்றிக் கருத்துச் சொல்ல இயலவில்லை என்று தணிக்கையாளர்கள் எழுதினார்கள். அடுத்து வந்த ஆண்டுகளிலும் அப்படியே எழுதினார்கள். அதற்கு முகம் கொடுக்க வேண்டியவர் இவர். ஆனாலும் நம் அலுவலகங்களில் ‘வட்டாட்சியர் (பொறுப்பு)’ என்று பலகையில் கண்டால் என்ன பொருள்? நிரந்தர ஆள் இல்லை, வேறொருவர் கூடுதலாகப் பார்க்கிறார் என்று. அந்தச் சாயல் இந்தப் பதவியின் மேல் படியக் கூடாது. மனமில்லாமல்தான் அந்தச் சொல்லை விடுகிறேன்.

இனி, தலைமையா முதன்மையா? தலைமையாசிரியர் பள்ளியின் உச்சி, தலைமைச் செயலாளர் செயலகத்தின் உச்சி, தலைமை நீதிபதி நீதிமன்றத்தின் உச்சி. முதன்மைக் கல்வி அலுவலரை எண்ணிப் பாருங்கள். மாவட்டத்தில் பள்ளிக் கல்விக்கு அவர்தான் முதலிடத்தில் இருப்பவர். மாவட்டத்துக்குத் தலைவர் ஆட்சியர். நாம் தேடும் பதவியின் இடமும் அச்சாக இதுதான்: நிதியில் முதல், முகமைக்குத் தலைவர் வேறொருவர். இவ்வளவு பொருத்தமான முன்மாதிரி கையில் இருக்கும்போது தலைமையை ஏன் பிடித்துக்கொள்ள வேண்டும்? நாளிதழ்கள் கம்பெனிகளுக்குத் தலைமை நிதி அதிகாரி என்று எழுதட்டும். அரசுப் பதவி வேறு என்று சொல்லிலேயே தெரிவது நல்லதுதான். அதிகாரியைவிட அலுவலர் மேல் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கிராம நிர்வாக அலுவலர் முதல் மாவட்ட வருவாய் அலுவலர் வரை நம் ஆட்சித் தமிழில் வேரூன்றிவிட்ட சொல் அது.

ஒரு குறையை மறைக்க மாட்டேன். நிதி என்றால் மக்கள் காதில் நிவாரண நிதி, உதவி நிதி என்றுதான் விழுகிறது. ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் நான் இருந்தபோது, கதவில் ‘நிதி’ என்று எழுதியிருந்ததைப் பார்த்து ஒரு வயதான அம்மா உள்ளே வந்து, நான்காய் மடித்த உதவித்தொகை மனுவை என் செலவினப் பட்டியல்களின் மேல் வைத்துவிட்டு நின்றார். பட்டியலுக்கு ஒப்புதல் போடும் இடம் இது, பணம் கொடுக்கும் இடம் அல்ல என்று அவருக்கு விளக்க எனக்குச் சொல் கிடைக்கவில்லை. மனுவை எடுத்துக்கொண்டு உரிய பிரிவுக்கு அவருடன் நடந்தேன். அதனால்தான் நிதி மேலாண்மை அலுவலர் என்று நீட்டலாமா என்றும் யோசித்தேன். ஆனால் அடுத்த நிலைப் பதவிக்குத் ‘துணை’யும் முன்னால் சேரும்போது ஐந்து சொல் ஆகிவிடுகிறது, அதை யாரும் முழுதாகச் சொல்ல மாட்டார்கள். மேலாண்மையை விளக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

சொல்லுக்கான பதிவை இப்படி எழுதியிருக்கிறேன்: முதன்மை நிதி அலுவலர் – அரசு முகமை ஒன்றின் நிதி மேலாண்மைக்கும் கணக்குக்கும் முகமைத் தலைவரிடம் நேரடியாகப் பொறுப்புள்ளவர். அடுத்த நிலை, துணை முதன்மை நிதி அலுவலர். இலங்கை நண்பர்கள் ‘அலுவலர்’ இருக்குமிடத்தில் ‘உத்தியோகத்தர்’ வேண்டும் என்றால் அதையும் இணைச்சொல்லாகச் சேர்த்துவிடுகிறேன், சொல்லுங்கள்.