கலைச்சொல் வேணும்: வில்வேட்டையில "இதுக்கு மேல அம்பு விட மாட்டன்" எண்ட தூரம்

ஸ்கார்பரோ அக்கா:
எல்லாருக்கும் வணக்கம். இஞ்ச கனடா ஒன்ராறியோவில ஒரு வில்லுக் கழகம் ஒக்டோபர் மான் சீசனுக்கு முன்னால புது ஆக்களுக்கு வகுப்பு வைக்கினம், எங்கட பெடியளும் கொஞ்சப்பேர் சேர்ந்திருக்கினம், தேப்பன்மாரும் கூட வாறபடியால் கையேட்டைத் தமிழிலயும் கேட்டவை. மற்றதெல்லாம் முடிஞ்சுது, 'எஃபெக்டிவ் ரேஞ்ச்' எண்ட இடத்தில நிக்கிறன். வில்லு அம்பை எவ்வளவு தூரம் தள்ளும் எண்டது இல்ல இது. எவ்வளவு தூரத்தில நிக்கிற மானுக்கு நான் நம்பி விடலாம், அதுக்கங்கால எண்டா வில்லை இறக்கிப்போட்டுச் சும்மா இருக்கோணும் எண்டு அவனவன் தனக்கு வைக்கிற எல்லை. 'பயனுறு வீச்சு' எண்டு முதல் போட்டன், வாசிச்சா ஏவுகணை மாதிரிக் கிடக்கு. திங்கள் காலமை அச்சுக்குப் போகுது, கெதியாச் சொல்லுங்கோ.

பாளை வாத்தியார்:
அன்புச் சகோதரிக்கு, 'எய்தொலைவு' என்று போடுங்கள். வினைத்தொகை, முக்காலமும் உள்ளே அடங்கிவிடும். இதில் இன்னொரு நயம் உண்டு. தொல்காப்பிய உரியியலில் எய்யாமை என்றால் அறியாமை. அப்படியானால் எய் என்பதற்கு அறிதல் என்றும் பொருள் வருகிறது, எய்தொலைவு என்றாலே தான் அறிந்த தொலைவு! ஏ என்ற ஓரெழுத்து ஒருமொழி அம்பைக் குறிக்கும், அதிலிருந்து ஏவு, எய், முள்ளை அம்பாக எய்யும் என்று நம்பியதால் முள்ளம்பன்றிக்கும் எய் என்றே பெயர், இதைப் பற்றி நான் தனியாக ஒரு கட்டுரையே...

கொங்குத் தம்பி:
ஐயா கோவிச்சுக்காதீங்க, எய்தொலைவுன்னு வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க, 'எய்து தொலை'ங்கற மாதிரியே காதுல விழுது. ஒருத்தன் எய்யாம இருக்கறதுக்கு வெக்கற எல்லைக்கு இப்படியா பேரு? ரேஞ்ச்னே போட்டுருங்கக்கா. டவர் ரேஞ்ச் இல்லீன்னு எங்க ஆத்தாவே சொல்லுது. இல்லாட்டி இங்க இந்தியாவுல யாருக்குங்க இந்த வார்த்தை வேணும், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கப்புறம் மான் மேல அம்பு விட்டா உள்ளதான் போகோணும்.

பாளை வாத்தியார்:
டவர் ரேஞ்ச் என்று ஆத்தா சொல்வதால் அது தமிழாகிவிடாது தம்பி.

மரமேறி:
நான் இங்க ஒன்டாரியோல காம்பவுண்ட் வில்லோட (கப்பி வச்ச வில்லு) வெள்ளைவால் மானுக்குப் போறவன், அதனால விஷயத்தை மொதல்ல சொல்லிடுறேன், பேரு அப்புறம் வைக்கலாம். மானோட நெஞ்சுல இதயமும் நுரையீரலும் இருக்குற எடம் சுமாரா எட்டு இன்ச் அகலம்தான். அதனாலதான் ஒம்பது இன்ச் பேப்பர் தட்டை வச்சுப் பழகுவாங்க, எந்தத் தூரத்துல விடுற அம்பெல்லாம் தட்டுக்குள்ளயே நிக்குதோ அதுதான் ஒங்க தூரம், ஒண்ணு வெளிய போனாலும் கிட்ட வந்துடணும். நல்லா கை சூடானப்புறம் விடுற இருவதாவது அம்பை வச்சு கணக்குப் போடுறவன் தன்னையே ஏமாத்திக்கிறான், காட்டுல கிடைக்கிறது மொதோ அம்பு மட்டும்தான், அதுவும் குளிர்ல மணிக்கணக்கா மரத்து மேல குந்தியிருந்து எழுந்து, தடிச்ச ஜாக்கெட் கையில நாண் உரச, வேட்டை முனை மாட்டின அம்பு பழகுற அம்பு மாதிரியே போகாது அது வேற.

இன்னொண்ணு, குறி சரியா இருந்தாலும் மான் அங்கயே நிக்கணுமே. முப்பது கஜம்னா தொண்ணூறு அடி. நொடிக்கு 270 அடி போற அம்புக்கு மூணுல ஒரு பங்கு நொடி ஆகும். நாண் சத்தம் அதுக்கு ரொம்ப முன்னாடியே மான் காதுக்குப் போயிடும், சத்தம் நொடிக்கு 1100 அடிக்கு மேல போகுது. சத்தம் கேட்டதுக்கும் அம்பு வர்றதுக்கும் நடுவுல இருக்குற அந்தக் கால் நொடியில மான் பாயறதுக்காக உடம்பைக் கீழ அமுக்கும், அம்பு முதுகுக்கு மேல போயிடும், இல்ல நடு முதுகுல படும், அது ஓடிப்போய் எங்கயாவது கிடந்து சாகும். டார்கெட்ல அறுவது கஜம் அடிக்கிறவன் காட்டுல இருவத்தஞ்சோட நிறுத்துறது இதனாலதான். வீச்சுன்னா வில்லோட சமாச்சாரம், இது ஆளோட சமாச்சாரம்.

மதுரை டீச்சர்:
அப்ப 'பிழையாத்தூரம்' சரியா வருமே? ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், வலி மிகும், தப்பே இல்ல. பிழைத்தல்னா குறி தவறுறது, குறள் 772லயே யானையைப் பிழைத்த வேல்னு வருது.

கொங்குத் தம்பி:
பிழைக்கறதுன்னா உசுரோட இருக்கறதும்தானுங்களே டீச்சர். மான் பிழையாத தூரமா, அம்பு பிழையாத தூரமா?

மதுரை டீச்சர்:
ரெண்டும் ஒண்ணுதான் தம்பி, அதான் அழகே 😄

மரமேறி:
டீச்சர், அந்தக் குறளை மட்டும் எங்க வகுப்புல சொல்லிடாதீங்க. முயலை அடிச்ச அம்பை விட யானையைத் தவறவிட்ட வேல் மேல்னு சொன்னா எங்க வாத்தியார் எந்திரிச்சுப் போயிடுவாரு. முடியும்னு தெரிஞ்சதுக்கு மட்டும் விடுன்னுதான் இங்க பாடமே.

பாளை வாத்தியார்:
அது படைச்செருக்கு அதிகாரம், போர் வீரனைப் பற்றியது, வேடனுக்கு ஏன் பொருத்துகிறீர்கள்? வேடனுக்கு வல்வில் ஓரி இருக்கிறான். புறநானூறு 152, வன்பரணர் பாட்டு. ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலி, கலைமான், பன்றி எல்லாம் ஊடுருவிப் புற்றிலிருந்த உடும்பில் போய்ச் செருகுகிறது. அவனுக்கென்ன எல்லை?

மரமேறி:
ஐயா, பின்னால என்ன நிக்குதுன்னு பாக்காம விட்டா இங்க லைசென்ஸ் போயிடும்.

ஸ்கார்பரோ அக்கா:
எல்லாரும் குறை நினைக்காதேங்கோ, எனக்கு ஞாயிறு இரவு ஆகீட்டுது. பிழையாத்தூரம் வடிவான சொல்தான், ஆனா எங்கட ஆக்கள் 'பிழையில்லை, எய்யலாம்' எண்டு விளங்கிப்போடுவினம். 'கைவந்த கலை' எண்டு சொல்றம்தானே, அந்த மாதிரி 'கைவந்த தூரம்' எண்டு போடட்டோ? தட்டுப் பயிற்சி அடுத்த பந்தியிலயே வருது, அதோட சேர்த்து வாசிச்சா ஒருத்தருக்கும் அகராதி தேவையில்ல.

மதுரை டீச்சர்:
நல்லாருக்கு. என் ஓட்டு இதுக்கு.

கொங்குத் தம்பி:
சரீங்க்கா. வகுப்புல எப்படியும் ரேஞ்ச்னுதான் சொல்லப் போறாங்க, காகிதத்துல இது இருக்கட்டும்.

பாளை வாத்தியார்:
தூரம் வடசொல். 'கைவருதொலைவு' என்றால் வினைத்தொகையும் ஆயிற்று, தூய்மையும் ஆயிற்று. ஒரு எழுத்துச் சிக்கனத்துக்காக மொழியை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

மதுரை டீச்சர்:
ஐயா, எண்ணிப் பாருங்க, உங்க சொல்லுதான் ஒரு எழுத்து சின்னது.

மரமேறி:
எனக்கு முழுசா ஒப்பு இல்ல. கைவந்ததுன்னா ஒரு தடவை வந்துட்டா வந்ததுதான்னு ஆயிடுது. எனக்கு செப்டம்பர்ல முப்பது கஜம் இருக்கும், நவம்பர்ல காத்தடிச்சு விரல் வெறைச்ச அன்னிக்கு பதினெட்டுதான், பெரிய கொம்போட ஆண் மான் வந்து நின்னு நெஞ்சு படபடன்னு அடிச்சா அதுவும் இல்ல. 'இன்றைய தூரம்'னு வச்சா என்ன? அது முடியாதுன்னா, அன்னன்னிக்கு மாறும்னு ஒரு வரியாவது அடியில சேருங்கக்கா.

ஸ்கார்பரோ அக்கா:
வரியைச் சேர்த்துப் போட்டன் தம்பி. 'கைவந்த தூரம்' எண்டே அனுப்பீட்டன். 'நாண் சத்தத்துக்கு மான் குனியிறது' எண்டதுக்கு நான் ஒரு சொல்லும் கேக்கேல்ல, அதை அப்பிடியே வசனமா எழுதிப்போட்டன்.

பாளை வாத்தியார்:
என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். நாண்குனிவு பற்றி நாளை எழுதுகிறேன்.