33 வயசுல காய் சாப்பிடப் பழகினவங்க யாராவது இருக்கீங்களா?

இலையோரம்:

சிரிக்காம படிங்க. எனக்கு 33 வயசு. சொந்த ஊர் திருச்சிப் பக்கம், வேலை கோயம்புத்தூர்ல. நான் சாப்பிடுற காயை எண்ணினா ஒரு கை விரலுக்குள்ள அடங்கிடும்: உருளைக்கிழங்கு, சின்ன வெங்காயம், சாம்பார்ல போட்ட மாங்காய், அப்புறம் முருங்கைக்காய் (சப்பிட்டுப் போட மட்டும்). கத்திரி, வெண்டை, அவரை, பாகல், கோஸ், கீரை எதுவும் உள்ள இறங்காது. தோசைக்குப் பொடிதான். புரோட்டாவுக்குச் சால்னா, அதுலயும் துண்டு எதுவும் மிதக்கக் கூடாது.

வீட்டுக்குக் கடைக்குட்டி. எல்லாருக்கும் பொரியல் வச்சா எனக்கு மட்டும் ஒரு முட்டை பொரிச்சு வச்சிடுவாங்க அம்மா. காலேஜ் ஹாஸ்டல்ல ஊறுகாய் பாட்டில் காப்பாத்திச்சு. கல்யாணத்துக்கு அப்புறம் மனைவி ஒரு வருஷம் சண்டை போட்டுப் பாத்துட்டு விட்டுட்டா.

இப்ப பாப்பா பிறந்து மூணு மாசம். அத்தை, அதாவது மனைவியோட அம்மா, எங்களோட இருக்காங்க. கும்பகோணத்துக்காரங்க. தினம் ஒரு கூட்டு, ஒரு பொரியல், வாரத்துக்கு ரெண்டு நாள் எண்ணெய்க் கத்திரிக்காய். நான் சாதத்துல குழி பறிச்சு, காயை அடியில தள்ளி, மேல சாதத்தை மூடி, தட்டை நானே எடுத்துட்டுப் போய் கொட்டிக் கழுவிடுவேன். "மாப்பிள்ளை எவ்வளவு பொறுப்பு, தட்டைக்கூட அவரே கழுவுறார்"னு ஊருக்குப் போன் பண்ணிச் சொன்னாங்க.

மிச்சப் பசிக்கு, ஆபீஸ்லேர்ந்து வர்ற வழியில பேக்கரி. போன வாரம் துவைக்க எடுத்த பேன்ட் பாக்கெட்ல முட்டை பப்ஸ் சுத்தின எண்ணெய்த் தாள் மூணு கிடைச்சிருக்கு. அத்தை என்கிட்ட ஒண்ணும் கேக்கல. ராத்திரி மகள்கிட்ட மட்டும், "நான் உப்பு, உறைப்பு ஏதாவது கூடப் போட்டுடுறேனா?"ன்னு கேட்டிருக்காங்க. மறுநாள்லேர்ந்து எனக்குத் தனியா உருளைக்கிழங்கு வறுவல். எதுவும் பேசாம வைக்கிறாங்க. அதைத்தான் தாங்க முடியல.

நல்லா நடிக்கிறது எப்படின்னு நான் கேக்கல, அது எனக்கே தெரியும். நிஜமாவே பிடிக்க வைக்க முடியுமா? கத்திரிக்காய் நாக்குல பட்டாலே குமட்டிட்டு வருது.

காரச்சேவு:

ரெண்டு நாள் எதுவும் சாப்பிடாம இருங்க ப்ரோ. மூணாம் நாள் கத்திரிக்காய் காம்பைக்கூட கடிச்சுத் தின்பீங்க. இதெல்லாம் செல்லம் கொடுத்து வளர்த்த வியாதி.

வத்தக்குழம்பு:

தம்பி, காரச்சேவு பேச்சைக் கேக்காதீங்க. பட்டினி கிடந்து சாப்பிட்டா பசி அடங்கும், பிடிச்சுப் போகாது. நான் அனுபவிச்சவ. எனக்கு இப்ப 46. வேலைக்குச் சேர்ந்த புதுசுல லேடீஸ் ஹாஸ்டல். காலையிலேர்ந்து எதுவும் சாப்பிடாம ராத்திரி வந்தா பீர்க்கங்காய் கூட்டு. கண்ணை மூடிக்கிட்டு ஒரு கிண்ணம் முழுங்கினேன். பத்தாவது நிமிஷம் பாத்ரூம். அன்னைக்கு இருந்து அடுப்புல பீர்க்கங்காய் வேகுற வாசனை வந்தாலே வயித்தைப் புரட்டும்.

உங்க பட்டியலை ரெண்டு தடவை படிச்சேன். முருங்கைக்காயைச் சப்புறேன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதுல இருக்கு விஷயம். முருங்கைக்காய் ருசி பிடிக்குது. சால்னா பிடிக்குது, அதுல தக்காளி வெங்காயம் எல்லாம் கரைஞ்சுதான் கிடக்கு. அப்ப உங்களுக்கு ஆகாதது ருசி இல்ல, வாய்ல படுற விதம். உருளைக்கிழங்கு எப்படிக் கடிச்சாலும் ஒரே மாவு. கத்திரிக்காய் அப்படியா? தோல் ஒரு பக்கம் ரப்பர் மாதிரி இழுக்கும், சதை பஞ்சு மாதிரி எண்ணெயைக் கக்கும், நடுவுல விதை நெறுநெறுங்கும். ஒரே வாய்ல மூணு வேலை. நாக்கு பயந்து போகுது.

எனக்கு வெண்டைக்காய் அப்படித்தான் இருந்துச்சு. அந்தக் கொழகொழப்பு. 29 வயசுல தனி வீடு எடுத்து நானே சமைக்க ஆரம்பிச்சப்பதான் மாறினேன். வெண்டைக்காயை முழுசாக் கழுவி, ஈரம் போகத் துடைச்சு, ஒரு துணியில பரப்பி ஃபேனுக்கு அடியில அரை மணி நேரம். அப்புறம்தான் கத்தி. மெல்லிசா வட்டமா நறுக்கி இரும்புச் சட்டியில, எண்ணெய் நல்லாக் காஞ்சதும் போட்டு, மூடாம வதக்கணும். உப்பு கடைசியில. முன்னாடியே போட்டா தண்ணி விட்டு, மறுபடி கொழகொழ. ஓரமெல்லாம் கருகி மொறுமொறுன்னு வரும். அதுல நாலே நாலு வட்டத்தைத் தயிர்சாதத்து மேல வச்சுச் சாப்பிட்டேன். அடுக்களையில நின்னுக்கிட்டே, ஒருத்தரும் பாக்காதப்ப.

இந்த "ஒருத்தரும் பாக்காதப்ப" ரொம்ப முக்கியம். பந்தியில எல்லாரும் வாயையே பாத்துட்டு இருந்தா எந்தக் காயும் இறங்காது. "எப்படி இருக்கு?"ன்னு கேட்டுட்டா அவ்வளவுதான்.

நாலு வட்டம் எட்டாச்சு. அப்புறம் கொஞ்சம் மொறுமொறுப்பு குறைச்சு, ரெண்டு மாசத்துல சாதாரணப் பொரியல் வரைக்கும் வந்துட்டேன். மோர்க்குழம்புல போட்ட வெண்டைக்காய் கடைசியா வந்துச்சு. மோர், புளி மாதிரி புளிப்பு சேர்ந்தா கொழகொழப்பு அடங்கும், அதனால அது பயந்த அளவுக்கு இல்ல.

கத்திரிக்காய்க்கு நீங்க எதிர்ப்பக்கம் போங்க. துண்டே இல்லாம ஆக்கிடுங்க. சிதம்பரத்துல சம்பா சாதத்துக்குத் தொட்டுக்கிற கொத்சு தெரியுமா? அத்தை கும்பகோணம்னா கண்டிப்பா வைப்பாங்க. அதையே கொஞ்சம் மாத்தி, கத்திரிக்காயைத் தணல்ல சுட்டு, தோலை உரிச்சு, விதையோட மசிச்சு வைக்கச் சொல்லுங்க. புளித்தண்ணி, சின்ன வெங்காயம், வறுத்து அரைச்ச மல்லி, மிளகாய். தோசைக்கு வச்சுக்கோங்க. பொடி பக்கத்துலயே இருக்கட்டும். முதல் நாள் நகம் அளவு, பொடியில தொடுற மாதிரி ஒரு தொட்டு. வேண்டாம்னா துப்பிடுங்க, தப்பே இல்ல. தண்ணி குடிச்சு மாத்திரை மாதிரி முழுங்காதீங்க, அப்ப நாக்கு எதுவும் கத்துக்காது. ரெண்டு நாளைக்கு ஒரு தடவை போதும். பத்து தடவை ஆகுறதுக்கு முன்னாடி நல்லா இருக்கு, இல்லன்னு தீர்ப்பு எழுதாதீங்க.

எல்லாம் ஜெயிச்சுட்டேன்னு சொல்ல மாட்டேன். காளான் இன்னும் முடியல. பீர்க்கங்காய்த் தோல் துவையல் சாப்பிடுவேன், கூட்டு இந்த ஜென்மத்துல இல்ல.

அப்புறம், அத்தைகிட்ட உண்மையைச் சொல்லிடுங்க. அவங்க இப்ப உப்புடப்பாவைச் சந்தேகப்பட்டுட்டு இருக்காங்க, பாவம்.

பெரியபாத்திரம்:

தம்பி, நான் 22 வருசம் மாணவர் விடுதி மெஸ்ஸில் சமையல் பார்த்தவன். எந்தக் காய் பிடிக்கலைன்னு பசங்க சொல்லவே வேண்டாம், கழுவப் போற தட்டைப் பார்த்தாலே தெரியும். கத்திரிக்காய் பாதி திரும்பி வரும். அதே கத்திரிக்காயைப் பிஞ்சாப் பார்த்து வாங்கி நாலாக் கீறி மசாலா அடைச்சுப் போட்டா காலி. காய் ஒண்ணுதான், முத்தலா பிஞ்சான்னுதான் பார்க்கணும். முத்தினதுல விதை பழுப்பா இருக்கும், காறும். கையில எடுத்தா பளபளன்னு இருக்கணும், காம்பு பச்சையா இருக்கணும், உருவத்துக்குக் கனம் கம்மியா இருக்கணும். நறுக்கினதும் தண்ணியில போடுங்க, இல்லன்னா கறுத்துப் போகும்.

பாகற்காய்னா மெல்லிசா அரிஞ்சு உப்பு, மஞ்சத்தூள் பிசிறி அரை மணி நேரம் விட்டு நல்லாப் பிழிஞ்சுட்டு, புளியும் வெல்லமும் போட்டுச் செய்யணும். கசப்பு முழுக்கப் போகாது, போகவும் கூடாது. ஆனா சண்டைக்கு வராது.

அவரைக்காய்க்கு மட்டும் என்கிட்ட வழி இல்ல. 22 வருசமும் திரும்பித்தான் வந்துச்சு.

நாலாவதுபீரியட்:

உயிரியல் ஆசிரியர். ரெண்டு மூணு விஷயம் மட்டும்.

வத்தக்குழம்பு அக்காவின் பீர்க்கங்காய்க் கதை புத்தகத்தில் உள்ளதுதான். 1955-ல் ஜான் கார்சியா என்ற அமெரிக்க உளவியலாளர் எலிகளுக்குச் சாக்கரின் கலந்த இனிப்புத் தண்ணீர் கொடுத்து, கூடவே குமட்டலை உண்டாக்கும் கதிர்வீச்சும் கொடுத்தார். பிறகு அந்த எலிகள் இனிப்புத் தண்ணீரை ஒதுக்க ஆரம்பித்தன. ருசியோடு குமட்டல் ஒருமுறை சேர்ந்துவிட்டால் பிரிப்பது கஷ்டம். அதனால்தான் குமட்டும் அளவுக்கு ஒருபோதும் போகாதீர்கள். பெரியவர் சொன்ன உப்பும் சரி. உப்பு கசப்பை அமுக்கி மற்ற சுவைகளை எடுத்துக் காட்டும் என்று 1997-ல் ப்ரெஸ்லின், போஷாம்ப் என்ற சுவை ஆய்வாளர்கள் இருவரும் எழுதினார்கள்.

எல்லோருக்கும் நாக்கு ஒன்று இல்லை. 1931-ல் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் பி.டி.சி. என்ற பொடியைக் கையாளும்போது அது காற்றில் பறந்தது. பக்கத்தில் இருந்தவர் கசக்கிறது என்றார், ஃபாக்ஸுக்கு ஒன்றுமே தெரியவில்லை. அது மரபணு விஷயம். கல்லூரி ஆய்வகத்தில் அந்தப் பொடி தோய்த்த தாளை நாக்கில் வைத்ததும் நான் ஓடிப்போய் வாய் கொப்பளித்தேன், என் பெஞ்ச்மேட் வெறும் காகிதம் என்று மென்றுகொண்டிருந்தான். கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி குடும்பத்துக் காய்கள், அந்தத் தாள் கசக்கிறவர்களுக்குக் கூடுதலாகக் கசக்கலாம். பாகற்காய்க் கசப்பு வேறு ரகம்.

கடைசியாக, கத்திரிக்காய் சாப்பிட்டால் உதடு, தொண்டை அரிக்கிறதா, வீங்குகிறதா? அது ஒவ்வாமையாக இருக்கலாம், பழக்க முயலாதீர்கள். அதே மாதிரி சாப்பிடும் வகைகள் குறைந்துகொண்டே போய் எடையும் இறங்கினால் மருத்துவரைப் பாருங்கள். அது ஆர்ஃபிட் (ARFID) என்ற உணவு ஒதுக்கும் கோளாறாக இருக்கலாம், 2013-லிருந்து அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் இருக்கிறது. செல்லம் கொடுத்த வியாதி இல்லை, காரச்சேவு.

காரச்சேவு:

சரி சார், வாபஸ். (எங்க வீட்டம்மா இதைப் படிச்சுட்டு, "நீங்க இன்னும் ரசத்துல தக்காளித் தோலைப் பொறுக்கி வெளிய வைக்கிறது எந்த வியாதி?"ன்னு கேக்குறாங்க.)

இலையோரம்:

ஆறு வாரம் கழிச்சு வர்றேன். அரிப்பெல்லாம் இல்ல சார், எடையும் இறங்கல, பப்ஸ் புண்ணியம்.

முதல்ல அத்தைகிட்ட சொன்னேன். முழுசாக் கேட்டுட்டு, "அப்ப தட்டு கழுவினது?"ன்னு மட்டும் கேட்டாங்க. நான் தலையைக் குனிஞ்சேன். சிரிச்ச சிரிப்புல பாப்பா எந்திரிச்சிடுச்சு.

கொத்சு வேலை செய்யுது. தணலுக்கு எங்க போறது, கேஸ் அடுப்புலயே வாட்டினாங்க. முதல் நாள் தொட்டதுல புளி மட்டும்தான் தெரிஞ்சுது. மூணாவது தடவை வறுத்த மல்லி வாசனை பிடிபட்டுச்சு. எட்டோ ஒன்பதோ, கணக்கு விட்டுப்போச்சு, ஏதோ போன் பேசிக்கிட்டே சாப்பிட்டேன், பாத்தா பொடியைத் தொடவே இல்ல. அதுக்கப்புறம் மெல்லிசாச் சீவி அரிசி மாவு தூவி வறுத்தது. அப்புறம் துணிஞ்சு எண்ணெய்க் கத்திரிக்காய், பெரியவர் சொன்ன மாதிரி பிஞ்சா நானே பொறுக்கினது. மசாலாவும் சதையும் போச்சு. தோலை ஓரமா வச்சேன். இன்னும் தோல் முடியல. ஆனா இப்ப சாதத்துக்கு அடியில புதைக்கிறது இல்ல, மேலயே வைக்கிறேன்.

வெண்டைக்காய் வட்டம் சூப்பர் அக்கா, அதை நான் சினிமா பாத்துக்கிட்டே தின்னுறேன். பாகற்காய் ரெண்டு துண்டு, தோல்வி.

சொல்ல வந்தது வேற. போன ஞாயித்துக்கிழமை, வீட்டுல எல்லாரும் சாப்பிட்டு முடிச்சப்புறம் தண்ணி எடுக்க அடுக்களைக்குப் போனேன். அத்தை அப்பதான் உக்காந்து சாப்பிட்டுட்டு இருந்தாங்க. அன்னைக்கு முள்ளங்கி சாம்பார். அவங்க தட்டு ஓரத்துல கரண்டியோட தெரியாம விழுந்த ரெண்டு முள்ளங்கி வில்லை, தனியா ஒதுங்கிக் கிடக்கு. நான் பாத்ததைப் பாத்துட்டாங்க. "எனக்கு இந்தக் கருமம் ஆகாது மாப்பிள்ளை. உங்க மாமாவுக்கு முள்ளங்கின்னா உயிர். 38 வருஷமா வைக்கிறேன், ஒரு துண்டு வாயில போட்டதில்ல." மனைவியைக் கேட்டா அவளுக்கே தெரியாது. மாமாவுக்கும் தெரியாதாம். எப்பவும் கடைசியா, எல்லாரும் எந்திரிச்சப்புறம் உக்காந்து சாப்பிட்டவங்க. அவங்க தட்டை யார் பாத்தா?

நாலாவதுபீரியட் சார், அந்த பி.டி.சி. தாள் கடையில கிடைக்குமா? அத்தைக்கு வச்சுப் பாக்கணும்.